ஜாம் (இசை): பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

கிரேட்ஃபுல் டெட், ஃபிஷ் ஆகிய அமெரிக்கக் குழுக்களின் ரசிகர்கள் ஒரு கச்சேரியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், என்ன பாட்டு பாடினார்கள் என்பதோடு நிறுத்த மாட்டார்கள். அந்தப் பாட்டில் ஜாம் எப்படி, எத்தனை நிமிடம், எங்கே போய் எங்கே இறங்கியது என்பதுதான் பேச்சு. பாட்டின் எழுதி வைத்த பகுதி முடிந்ததும், அல்லது அதன் நடுவிலேயே, குழுவினர் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே மேடையில் அந்த நேரத்தில் உருவாக்கும் இசைக்குத்தான் ஜாம் என்று பெயர். டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' 1968இல் சிறு தட்டாக வந்தபோது 3 நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு வெளியான மேடைப் பதிவில் அதே பாட்டு 23 நிமிடம். வரிகள் கூடவில்லை, கூடியதெல்லாம் ஜாம்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய பொருள் நெருக்கி அடைப்பது, இறுக்குவது. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் கிடைக்கிறது. வேர் எது என்று அகராதிக்காரர்கள் உறுதியாகச் சொல்வதில்லை, ஒலிக்குறிப்பாகப் பிறந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பழத்தை நசுக்கிக் காய்ச்சுவது, சாலை நெரிசல், பிரிண்டரில் காகிதம் சிக்குவது எல்லாம் இதன் கிளைகள். இசைப் பொருள் 1920களில் ஜாஸ் கலைஞர்களிடையே வழக்குக்கு வந்தது. சம்பளக் கச்சேரி முடிந்த பின்னிரவில் கலைஞர்கள் தங்கள் ஆசைக்குக் கூடி வாசித்தது 'ஜாம் செஷன்' ஆயிற்று. 1960களின் நடுவில் சான்பிரான்சிஸ்கோ ராக் குழுக்கள் அந்தப் பின்னிரவு விளையாட்டை டிக்கெட் வாங்கியவர் முன்னால் கொண்டுவந்தன. 'ஜாம் பேண்ட்' என்ற வகைப்பெயர் 1990களில்தான் நிலைத்தது. டெட் குழு பிறந்ததோ 1965இல். (ஜாம்ஜாம் என்று நடந்த கல்யாணத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

ரசிகர்கள் ஜாமை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: முதல் வகை, இரண்டாம் வகை. 1990களில் ஃபிஷ் ரசிகர்களின் இணைய விவாதத்தில் உருவான பிரிவு இது. முதல் வகையில் பாட்டின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசையும் தாளச் சுற்றும் கீழே மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் உருவாக்கும் புனைவு மேலே நடக்கும். ஃபிஷின் 'ஸ்லேவ் டு த டிராஃபிக் லைட்' நல்ல உதாரணம். அதே கார்டுகள் திரும்பத் திரும்ப வர, காதில் விழாத அளவு மெதுவாகத் தொடங்கி உச்சம் வரை ஏற்றுவார்கள். இரண்டாம் வகையில் அந்த அடித்தளமே கழன்றுவிடும். சுருதி மாறலாம், தாளம் மாறலாம், பாட்டுக்குத் திரும்பாமலேயே போகலாம். 1997 நவம்பர் 29 அன்று வூஸ்டர் நகரில் ஃபிஷ் வாசித்த 'ரன்அவே ஜிம்' ஒரு மணி நேரத்தைத் தொட்டது. அதில் பெரும்பகுதி இரண்டாம் வகை.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். நீளமாக இருந்தாலே இரண்டாம் வகை என்று நினைப்பது ஒன்று. 20 நிமிடம் வாசித்தும் முதல் வகையிலேயே நிற்கலாம், 6 நிமிடத்தில் கட்டை அவிழ்த்துக்கொண்டும் போகலாம். கிட்டாரை மட்டும் கேட்பது இன்னொன்று. முன்னால் கிட்டார் எவ்வளவு தாவினாலும் பின்னால் பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்) பாட்டின் கார்டு வரிசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது முதல் வகைதான். சோதிக்க எளிய வழி உண்டு. ஜாம் தொடங்கியதும் பாட்டின் பல்லவியை மனதுக்குள் ஓட்டுங்கள். பேஸும் டிரம்ஸும் அதற்குப் பொருந்தி வரும்வரை முதல் வகை. ஒட்டாத இடம் வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று பொறுத்தும் பொருந்தவில்லை என்றால் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தமிழில் என்ன சொல்வது? முதலில் வாயில் வருவது கர்நாடக இசையின் 'மனோதர்மம்', மேடையில் அப்போதைய கற்பனையில் பாடுவது. கருத்தளவில் நெருக்கம்தான், குறிப்பாக முதல் வகைக்கு. மனோதர்மத்தின் ஒரு வகையான நிரவலில் சாகித்திய வரியும் அது தாளத்தில் விழும் இடமும் மாறாமல் சங்கதிகள் மட்டும் மாறுவது கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ஆனால் மனோதர்மத்தில் பாடகர் முன்னே போவார், வயலின் பின்தொடர்ந்து தன் முறை வரும்போது பதில் சொல்லும். ஜாமில் இந்த முறை வைப்பு கிடையாது. டெட் குழுவின் பேஸ்காரரான ஃபில் லெஷ் பக்கவாத்தியமாக வாசித்தவர் அல்ல. கிட்டாரோடு சரிசமமாகப் பேசியவர். அதனால் 'கூட்டு' என்ற சொல் உள்ளே வந்தே ஆக வேண்டும். 'சேர்ந்திசை' ஏற்கெனவே குழுப்பாடலுக்குப் போய்விட்டது. 'கூட்டுப்புனைவு' பொருந்தும். முதல் வகையை அகப்புனைவு என்றும் இரண்டாவதைப் புறப்புனைவு என்றும் வைத்தால், பாட்டின் கட்டுக்கு உள்ளே, வெளியே என்ற பொருள் விளக்கம் இல்லாமலே நிற்கும். 'உடனடி இசை' என்று சிலர் எழுதுவது மட்டும் காப்பித்தூள் விளம்பரம் போலிருக்கிறது.

ஒரு கச்சேரியில் வாசித்த பாட்டுகளை ரசிகர்கள் எழுதி வைக்கும் பட்டியலில் இரண்டு பாட்டுகளுக்கு இடையே வரும் > குறி அடுத்த சிக்கல். நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குப் போனார்கள் என்று அதற்கு அர்த்தம். ஃபிஷ் ரசிகர்கள் இன்னும் நுணுக்கம் பார்ப்பார்கள்: சும்மா இடைவெளி விடாமல் தொடங்கினால் >, புனைவின் வழியாகவே ஒன்று இன்னொன்றாக உருமாறினால் ->. இதன் பெயர் 'செக்வே', 'தொடர்கிறது' என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல். தமிழில் 'தொடுப்பு' போதும். கேட்டுப் பழக, 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் டெட் வாசித்த 'ஸ்கார்லெட் பிகோனியாஸ் > ஃபயர் ஆன் த மவுண்டன்' கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்தைத் தாண்டும். முதல் பாட்டின் கடைசி ஜாமும் இரண்டாம் பாட்டும் 'பி' சுருதியில் ஒரே சுரக்கட்டு, நம் ஹரிகாம்போஜி ராகத்தின் சுரங்கள் (சுரங்கள் மட்டும்தான், கமகத்தைத் தேட வேண்டாம்). சுருதியை மாற்ற வேண்டியதில்லை, தாள நடையும் பேஸ் வரிசையும் மாறினால் போதும். அதனால்தான் எந்த நொடியில் பாட்டு மாறியது என்று கை வைத்துக் காட்டுவது கடினம். இந்தக் கச்சேரிப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்கிறது.

டெட் பட்டியல்களில் 1970களின் இறுதியிலிருந்து இரண்டாம் பாதியில் 'டிரம்ஸ்', 'ஸ்பேஸ்' என்று வரும். டிரம்ஸைத் 'தனி ஆவர்த்தனம்' என்று மொழிபெயர்க்கக் கை துடிக்கும், வேண்டாம். மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி, கீர்த்தனையின் தாளத்தை விடாமல் குறைப்பு, மோரா, கோர்வை என்ற தாளக் கோப்புகள் வழியே போய்ப் பல்லவி எடுப்பில், அதாவது பல்லவி தொடங்கும் இடத்தில், வந்து விழும். டிரம்ஸுக்குத் திரும்பி வர வேண்டிய எடுப்பே கிடையாது. டெட் குழுவின் டிரம்ஸ்காரர்களான பில் குரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் வாசித்து முடித்து மேடையை விட்டதும், மற்றவர்கள் தாளமே இல்லாத 'ஸ்பேஸ்' பகுதிக்குள் போவார்கள். 'தோல்வாத்திய ஜாம்' என்றே எழுதலாம். நம் தாளங்களோடு ஹார்ட்டுக்கு உள்ள உறவு வேறு இடத்தில் இருக்கிறது. தபலாக் கலைஞர் அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர் அவர். கிராமி விருது பெற்ற அவருடைய 1991 தட்டு 'பிளானட் டிரம்'மில் ஜாகிர் உசேனோடு கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார்.

ஜாம் கெடும்போது பேச்சில் அடிபடும் சொற்களும் உண்டு. யாரும் யாரையும் கேட்காமல் விரல்போன போக்கில் சுரம் உதிர்ப்பது 'நூட்லிங்'. 'மேய்தல்' என்று சொல்லிவிடலாம். ஜாம் நன்றாக எழும்பி வரும் நேரத்தில் ஒருவர் திடீரென்று அடுத்த பாட்டின் முதல் கார்டை அடித்து மொத்தத்தையும் வெட்டிவிடுவது 'ரிப்கார்ட்', பாராசூட் கயிற்றின் பெயர். ஃபிஷ் ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல் கிடையாது. வேறொரு பாட்டின் நான்கைந்து சுரங்களைக் காட்டிவிட்டு நழுவுவது 'டீஸ்', அதாவது சீண்டல். பல ஆண்டுகளாக வாசிக்காத பாட்டு திடீரென்று மேடைக்கு வந்தால் 'பஸ்ட்-அவுட்'.

பதிவு தேடும்போது ஒரு சங்கதி: கச்சேரிகளைப் பெயரால் அல்லாமல் தேதியால்தான் குறிப்பிடுவார்கள், அதுவும் அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். 5/8/77 என்பது மேலே சொன்ன மே 8 கச்சேரி. ஆகஸ்ட் 5 என்று தேடினால் கிடைக்காது.