புரோகிராம் ஏறவில்லையா? போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பிராஜெக்ட் தேதி நெருங்கினால் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துப் பிள்ளைகள் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டாவது ஆர்டுவினோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணு போர்டு; ஊனோ, நானோ அதன் வகைகள்) வாங்கி வருகிறார்கள். கேட்டால் முதல் போர்டு "போயிடுச்சு". புரோகிராம் ஏறவில்லை என்பதுதான் அதற்கு ஒரே சாட்சி. அந்தச் சாட்சி செல்லாது.

புரோகிராம் சிப்பைச் சேரும் வழியில் கேபிள், டிரைவர், போர்டிலுள்ள யுஎஸ்பி சிப், ரீசெட், பூட்லோடர் (புதிய புரோகிராமை வாங்கிச் சிப்பில் எழுதும் சிறு புரோகிராம்) எல்லாம் இருக்கின்றன. எங்கே நின்றது என்பதில் பாதியை எரர் வரியே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் ஐடிஇ-யை (புரோகிராம் எழுதி ஏற்றும் சாஃப்ட்வேரை) அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது வீண் வேலை.

பவர் லைட் எரிகிறது, ஆனால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல். மலிவான சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் கரண்டுக்கான இரண்டு கம்பி மட்டுமே ஓடும். டேட்டா கம்பி இருக்காது. ஊனோவின் சதுர வாய்க்கு வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ இருக்கும் பிரிண்டர் கேபிளைச் செருகிப் பாருங்கள், அது டேட்டா கேபிள்தான். புதிய பெயர் வந்து மஞ்சள் குறியோடு நின்றால் டிரைவர் இல்லை. விலை குறைந்த போர்டுகளில் யுஎஸ்பி சிப் பெரும்பாலும் சிஎச்340-தான். அதற்கான டிரைவரைப் போட வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று நின்றிருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். லினக்ஸில் உங்கள் யூசரை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி தரும் டயல்அவுட் குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் செய்து உள்ளே வர வேண்டும்.

"ஆக்சஸ் டினைடு" என்று வந்தால் வேறு ஏதோ சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரின் அந்த சீரியல் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொரு ஜன்னலில் திறந்து கிடக்கும் சீரியல் மானிட்டராகத்தான் (போர்டோடு எழுத்தில் பேசும் ஐடிஇ ஜன்னல்) இருக்கும். மூடினால் முடிந்தது.

ஆட்டிப் படைப்பது "நாட் இன் சிங்க்" என்ற எரர். கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது, சிப்பிடமிருந்து சரியான பதில் இல்லை. நானோ என்றால் டூல்ஸ் மெனுவில் புராசஸரை "ஓல்ட் பூட்லோடர்" என்று மாற்றிப் பாருங்கள். பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200. அடுத்து 0, 1 பின்களைப் பாருங்கள். புளூடூத், ஜிஎஸ்எம் மாட்யூல் வயர் அங்கே இருந்தால் அப்லோடு ஏறாது; புரோகிராம் வருவதும் அதே பின்கள் வழியாகத்தான். ஊனோவில் யுஎஸ்பி சிப்பின் சிக்னல் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தாண்டி வருவதால், நேரே செருகிய மாட்யூலின் குரல்தான் ஓங்கும். அப்லோடு முடியும்வரை வயரைக் கழற்றுங்கள், அல்லது மாட்யூலை 10, 11 பின்களுக்கு மாற்றி சாஃப்ட்வேர் சீரியல் பயன்படுத்துங்கள்.

இதற்கும் மசியவில்லையா? மற்ற வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். இன்னொரு வயரால் 0-ஐயும் 1-ஐயும் இணைத்து, சீரியல் மானிட்டரில் எதையாவது டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடித்தது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யுஎஸ்பி சிப் மூன்றும் நலம். கோளாறு அதற்கு அப்பால். செலவே இல்லாத இந்தச் சோதனையைக் கல்லூரி லேபுகளில்கூட யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசைமேல் திறந்து கிடக்கும் போர்டின் யுஎஸ்பி வாயிலும் சிப் கால்களிலும் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு ஏறும். கேபிளை அசைத்தால் கனெக்‌ஷன் வந்து வந்து போவது அதன் அடையாளம். பவரை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். சாக்கெட்டில் உள்ள சிப்பை மெல்ல நெம்பி எடுத்து மறுபடி உட்கார வையுங்கள். பள்ளம் இருக்கும் முனை மாறக் கூடாது.

ஆர்டுவினோ ஐடிஇ-யிலேயே புரோகிராம் ஏற்றும் இன்னொரு போர்டான இஎஸ்பி32 "கனெக்டிங்" என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால், எழுதத் தொடங்கும்வரை பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்.

ஊனோவில் ரீசெட் பட்டனைத் தட்டியதும் "L" என்று குறித்த லைட் படபடவென்று சிமிட்ட வேண்டும். சிமிட்டவே இல்லையென்றால் பூட்லோடர் அழிந்திருக்கலாம். அதை மறுபடி எழுத, நண்பரின் ஊனோவில் "ஆர்டுவினோ ஐஎஸ்பி" ஸ்கெட்ச்சை (ஆர்டுவினோவில் புரோகிராமுக்கு இந்தப் பெயர்) ஏற்றி, அதன் 11, 12, 13 பின்களை இதன் அதே எண் பின்களுக்கும், 10-ஐ இதன் ரீசெட்டுக்கும், 5 வோல்ட், கிரவுண்டையும் இணையுங்கள். ஸ்கெட்ச் ஏறிய பிறகு, நண்பரின் போர்டில் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் கால் ரீசெட் பக்கம். புரோகிராமரை "ஆர்டுவினோ ஆஸ் ஐஎஸ்பி" என்று வைத்து "பர்ன் பூட்லோடர்" கொடுங்கள். அதுவும் தோற்றால் சிப்பையே சந்தேகிக்கலாம். சாக்கெட் உள்ள ஊனோவில் 28 கால் சிப்பை மட்டும் மாற்றினால் போதும். கடையில் பூட்லோடர் ஏற்றியதா என்று கேளுங்கள், சிப்பின் மேலுள்ள எண்ணையும் படியுங்கள்: 328-க்குப் பின்னால் "பி" இல்லாதது கைக்கு வந்தால் சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) பொருந்தவில்லை என்று ஐடிஇ அடம்பிடிக்கும்.