ஜியாலஜி வாத்தியாருக்கு விருது கேட்கப் போகிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

ஒரு பணிச்சான்றிதழில் இருந்த ஒற்றைச் சொல்லால் விண்ணப்பம் போட முடியாமல் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் ஓய்வுபெற்ற ஜியாலஜி, அதாவது பாறை, மண் பற்றிய படிப்பின் பேராசிரியர். வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களுக்கு வருடக்கணக்காக பஸ்ஸில் போய், கயிற்றில் கட்டிய பாட்டிலை ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கி, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நோட்டில் குறித்து வைத்தவர். கல்லூரி அலுவலகம் கொடுத்த சான்றில் 'புவியியல் துறை' என்று இருந்தது. அதை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தவர் ஜியாகரபி என்று அடித்துவிட்டார். திருத்தம் கேட்டால், "சார், ஒரிஜினல்லயே அப்படித்தானே இருக்கு?" என்றார்கள். கோப்பு மறுபடி மேலே போய், நடுவில் கல்லூரி முதல்வர் மாறி, திருத்திய தாள் கைக்கு வந்தபோது கடைசி நாள் தாண்டி ஒன்பது நாள்.

தப்பு முழுக்க அவர்கள் மேலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் மேப் பாடம், ஆட்சியர் அலுவலகத்தில் ஜியாலஜிக்கும் அதே சொல்லைப் போட்டு 'புவியியல் மற்றும் சுரங்கத்துறை' என்று போர்டு. அதனால் சான்றை ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்குங்கள். தமிழில்தான் தருவோம் என்றால் 'நிலவியல்' என்று எழுதச் சொல்லி, கையெழுத்தாகும் முன்பே ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

சரி, என்னென்ன விருது என்று சுருக்கமாக. இந்தத் துறைக்கென்றே இருப்பது மத்திய சுரங்க அமைச்சகத்தின் தேசிய புவி அறிவியல் விருது. 1966-ல் தேசிய கனிம விருது என்று ஆரம்பித்து, 2009-ல் பெயர் மாறியது. வாழ்நாள் சாதனை, தேசிய விருது, 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கான இளம் புவி விஞ்ஞானி விருது என்று மூன்று வகை. 2023-க்கான 12 விருதுகளை 21 பேருக்கு 2024 ஆகஸ்ட் 20 அன்று குடியரசுத் தலைவர் கொடுத்தார்.

சுரங்க அமைச்சகம் என்று கேட்டதுமே நம்மூர் ஆட்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். நெய்வேலியில் நிலக்கரி தோண்டினவருக்கும் நரிமணத்தில் எண்ணெய் எடுத்தவருக்கும்தான் இது, வண்டல் மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். இது தவறான எண்ணம். விருதுக்கான துறைகளில் நிலத்தடி நீர் இருக்கிறது, புவிச்சூழல் ஆய்வு இருக்கிறது, இயற்கைப் பேரிடர் ஆய்வும் இருக்கிறது. நாகப்பட்டினம் கடற்கரையில் உப்பு நீர் உள்ளே வருவதை அளந்தவருக்கும், 2004 சுனாமி கொண்டுவந்து போட்ட மணலைப் படித்தவருக்கும் இதில் இடம் உண்டு.

ஆனால் கற்பித்தலுக்கு அதில் தனிப் பிரிவு கிடையாது. முப்பது வருடம் பிள்ளைகளை அரியலூர், காரை என்று கூட்டிப்போய்ப் புதைபடிவம் காட்டினேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். பாடம் நடத்தியதற்கு என்றால் தேசிய நல்லாசிரியர் விருது. 2023 முதல் கல்லூரி ஆசிரியர்களையும் சேர்த்திருக்கிறார்கள், 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் உண்டு. இங்கேதான் நிறைய பேர் கழன்றுவிடுகிறார்கள். நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், ஐந்து வருடமாவது முழுநேரம் கற்பித்திருக்க வேண்டும், 55 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அதாவது, காவிரி டெல்டாவின் அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைப் பாதிக்குப் பாதி தாங்குகிற கௌரவ விரிவுரையாளர்களுக்கு இதில் வழியே இல்லை. பெயரில் மட்டும் கௌரவம்! முதல்வராக இருப்பவரும் போட முடியாது, பொறுப்பு முதல்வரானாலும் அப்படித்தான். நம் ஊரில் சீனியர் என்பதாலேயே பொறுப்பைத் தலையில் கட்டிவிடுவார்களே, அந்தச் சமயத்தில் விண்ணப்பத் தேதி வந்தால் அந்த வருடம் போயிற்று.

அப்புறம் 2023-ல் கொண்டுவந்த ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார், அதாவது தேசிய அறிவியல் விருது. புவி அறிவியல் அதில் ஒரு துறை, இளையோர் பிரிவுக்கு வயது வரம்பு 45. பணம் கிடையாது, பதக்கமும் சான்றிதழும்தான். ஜனவரி 14 முதல் பிப்ரவரி 28 வரை விண்ணப்பிக்கலாம் என்பது 2023 அறிவிப்பில் இருந்த கணக்கு. நம் பக்கம் அது பொங்கல், அறுவடை, கல்லூரி விடுமுறை எல்லாம் ஒன்றாக வரும் நேரம், அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. மார்கழி பிறந்ததுமே தாள்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பத்ம விருதைப் பற்றிப் பாதி விதியை மட்டும் தெரிந்துகொண்டு விரட்டுகிறவர்கள் அதிகம். "கவர்மென்ட் சர்வன்ட் போட முடியாது சார்" என்பார்கள். விதி அப்படித்தான் ஆரம்பிக்கிறது, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்து. ஆனால் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு என்று அதே வரியில் இருக்கிறது, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனக்குத் தானேயும் பரிந்துரைக்கலாம், யாரும் யாருக்கும் பரிந்துரைக்கலாம். பெரிய மனிதர் கடிதத்துக்காக எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. செய்த வேலையை 800 வார்த்தைக்குள் எழுத வேண்டும். அதில் கட்டுரைத் தலைப்புகளையும் வகித்த பதவிகளையும் அடுக்கி வீணாக்காதீர்கள். எத்தனை கிணறு, எந்த ஊர், அந்தக் கணக்கைப் பார்த்து யார் என்ன மாற்றினார்கள், அதை எழுதுங்கள். கடைசித் தேதியைப் போன வருட நினைவில் நம்பாதீர்கள், 2024-ல் செப்டம்பர் 15 வரை இருந்தது, அடுத்த வருடம் முதலில் அறிவித்ததே ஜூலை 31.

நம் மண்ணுக்கு இது எட்டாத விஷயமும் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன்தான் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரான முதல் இந்தியர். சாத்தனூரில் கல்லாக மாறிக் கிடக்கும் பழங்கால மரத்தை (கல்மரம்) 1940-ல் கண்டறிந்தவரும் அவர்தான், 1970-ல் பத்ம பூஷண். (பாருங்கள், நிறுவனத்தின் பெயரிலும் அதே புவியியல்.)

பணியில் இருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி 'உரிய வழியாக', அதாவது மேலதிகாரிகள் மூலமாக, என்கிற சொல். தடையில்லாச் சான்று, விழிப்புப் பணிச் சான்று (உங்கள் மேல் ஊழல் புகார் இல்லை என்பது) என்று ஒவ்வொரு மேஜையும் அடுத்த மேஜைக்குத் தள்ளும். அசலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். தபால் பிரிவில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், ஒரு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். வாயால் கேட்டால், "அனுப்பிட்டோம் சார்" என்பதோடு முடிந்துவிடும்.

இன்னொன்று, தனியார் அமைப்பு என்று சொல்லி, "உங்களைச் சிறந்த விஞ்ஞானியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், விழாவுக்கு இவ்வளவு கட்டுங்கள்" என்று போன் வரும். மேலே சொன்ன எந்த அரசு விருதுக்கும் ஒரு பைசா கட்டணம் இல்லை.

விண்ணப்பம் போடுவது அவார்ட்ஸ் டாட் கவ் டாட் இன் (awards.gov.in) தளத்தில். பிரவுசிங் சென்டர்காரரின் செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதியாதீர்கள், ஓடிபி அவருக்குப் போகும், அவர் கடையைக் காலி செய்துவிட்டால் உங்கள் கணக்கும் அதோடு போகும். டிராஃப்டாகச் சேமித்தால் அனுப்பியதாக ஆகாது. நான் சொன்ன பேராசிரியர் மறு வருடம் அதிலும் ஏமாறப் பார்த்தார், எல்லாம் ஏற்றி முடித்து நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விட்டார். திரையில் இன்னும் டிராஃப்ட் என்றே நிற்பதைப் பார்த்தது, கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கடைப் பையன்தான்.