சில நொடிகளே வாழும் ஒரு வாயு

என் பெரியப்பாவின் சட்டைப் பையில் ஒரு சின்ன மாத்திரைப் பட்டை எப்போதும் இருக்கும். சார்பிட்ரேட். நெஞ்சில் பாரம் ஏற்றியது போல வலி வந்தால் ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். சில நிமிடங்களில் முகம் தெளிந்துவிடும். அந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று தேடிப் படித்தேன். தினமும் நடங்கள், கீரை சாப்பிடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர்கள் சொல்வதில் பெரும்பகுதிக்கு அங்கேயே விளக்கம் கிடைத்தது.

மாத்திரை உடம்புக்குள் உடைந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தருகிறது. அது இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்துகிறது. குழாய்கள் விரிகின்றன, இதயத்தின் சுமை இறங்குகிறது. இதே வாயுவை நம் இரத்தக் குழாய்கள் தாமாகவே, எந்த மாத்திரையும் இல்லாமல், ஒவ்வொரு கணமும் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன.

இது தெரியவந்த விதம் சுவையானது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துப் பல வருடங்களாகச் சோதனை செய்துவந்தார். அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் உயிருள்ள உடம்பில் குழாயை விரிக்கும். அவருடைய துண்டுகளிலோ அது குழாயைச் சுருக்கியது. காரணம் பிறகுதான் பிடிபட்டது: துண்டுகளை வெட்டித் தயார் செய்யும்போது குழாயின் உட்பக்கத் தோல் உரசி உதிர்ந்துபோயிருந்தது. ஒரே ஒரு செல் கனமுள்ள படலம் அது. அந்தப் படலம் இருந்தால் குழாய் விரியும், இல்லையென்றால் சுருங்கும். 1980இல் இதை அவர் வெளியிட்டார். படலம் அனுப்பும் செய்தி நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது அடுத்த சில வருடங்களில் உறுதியானது. 1998இல் ஃபர்ச்காட்டுக்கும், இதே வாயுவை ஆராய்ந்த இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அவருடைய டைனமைட்டில் இருந்த அதே பொருள். அது எப்படி வலியைத் தணிக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

குழாய் கொஞ்சம் விரிவதும் சுருங்குவதும் அவ்வளவு பெரிய விஷயமா என்றால், ஆமாம். விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதே அழுத்தத்தில் ஓடும் திரவம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதோடு இந்த வாயு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்வதையும், சுவரில் கொழுப்புத் திட்டு வளர்வதையும் தடுக்கிறது.

இந்த வாயு சில நொடிகளே தாங்கும். சேர்த்துவைக்க முடியாது. நேற்றுச் சுரந்தது இன்றைக்கு உதவாது. அதனால்தான் இதயத்துக்கு மற்ற எதையும்விட அன்றாடப் பழக்கம் முக்கியம் என்று நான் நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, மற்ற ஆறு நாளும் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் அந்தப் படலத்துக்கு ஆறு நாளும் வேலை குறைவு.

சரி, அதற்கு வேலை கொடுப்பது எது? இரத்த ஓட்டத்தின் உரசல். ஆற்றுநீர் கரையைத் தடவிக்கொண்டு போவது போல, இரத்தம் வேகமாக ஓடும்போது படலத்தின் செல்களை உரசுகிறது. அந்த உரசலை உணர்ந்து அவை வாயுவைச் சுரக்கின்றன. நடந்தால் கால் தசை கூடுதல் இரத்தம் கேட்கும், ஓட்டம் கூடும், சுரப்பும் கூடும். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்களின் கால் தமனியைச் சோதித்தபோது அதன் விரியும் திறன் இறங்கியிருந்தது. மணிக்கு ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை.

வேலை நேரத்தில் நகர்வதற்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை இந்த வாயு தெரியவருவதற்கு முன்பே லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் பிடித்துவிட்டார். அங்கே ஓடிய மாடிப் பேருந்துகளில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி. 1953இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே இருந்தது. வந்தவர்களுக்கும் வயது கடந்தே வந்தது, உயிரிழப்பும் குறைவு. குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. அப்புறம் மோரிஸ் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியானவர்களிடையே பார்த்தாலும் சரி, பருத்தவர்களிடையே பார்த்தாலும் சரி, கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவு. உடற்பயிற்சியைக் கடைசிவரை விடாத மோரிஸ் 2009இல், 99 வயதில் இறந்தார்.

சாப்பாட்டுக்கு வருவோம். கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய இருக்கிறது. அது இரத்தத்தில் கலந்து உமிழ்நீர் வழியாக வாய்க்குத் திரும்பி வருகிறது. அங்கே நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. படலம் சோர்ந்துபோனவர்களுக்கு இது இன்னொரு வழி. கிருமிநாசினி வாய்கொப்பளிப்பான்களைத் தினமும் பயன்படுத்தினால் இந்தப் பாக்டீரியாக்களும் செத்துப்போகின்றன என்பதையும் நினைவில் வைக்கலாம். முளைக்கீரைக் கட்டு இன்னும் நமக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரிய பாக்கியம்.

உப்பு நேர்மாறானது. உடம்பில் நீரைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றுவதோடு, அது படலத்தின் சுரப்பையும் மந்தமாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பில் போடுவதை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் உப்பில் ஊறியவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதிலும் இருப்பது உப்பில் உள்ள அதே சோடியம்தான்.

புகைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் சொல்ல மனம் வரவில்லை. அதில் உள்ள தீவிர மூலக்கூறுகள் நைட்ரிக் ஆக்சைடைப் பிறந்த இடத்திலேயே அழிக்கின்றன, படலத்தையும் புண்ணாக்குகின்றன. பக்கத்தில் நிற்பவரின் படலத்தையும்தான். தூக்கம் பற்றி ஒரு வார்த்தை: நல்ல உறக்கத்தில் இரத்த அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் இறங்கும். இரவில் விழித்திருப்பவரின் குழாய்களுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

நெஞ்சு வலி ஏற்கெனவே உள்ளவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். புதிதாக நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால், வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியப்பா முப்பது வருடம் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே இருந்தவர். டாக்டர் சொன்ன பிறகு இப்போது மணிக்கு ஒரு முறை எழுந்து, கடைத்தெரு முனையில் இருக்கும் வேப்பமரம் வரை நடந்துவிட்டு வருகிறார். சில்லறை வாங்க வேண்டியவர்கள் அதுவரை காத்திருக்கிறார்கள்.