‘அவனுக்கே இஷ்டமில்லீங்க சார்’

இந்த வருடமும் கேட்டாயிற்று. 600-க்கு 471 வாங்கிய பையன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தேர்வு முடிந்த கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போனான். லீவு வேலைதான் என்றார்கள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட ஏன் வரவில்லை என்று ஃபோன் செய்தால் அவன் அப்பா சொல்கிறார்: “அவனுக்கே இஷ்டமில்லீங்க சார், நாங்க என்னங்க பண்றது?”

அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துவதோடு உயர்கல்வி வழிகாட்டல் பொறுப்பையும் பார்க்கிறேன். ஜூன் மாதம் வந்தால் இந்தப் பதிலைக் கேட்காமல் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எரிச்சலாக இருக்கிறது.

இஷ்டம் என்பது பிறக்கும்போதே கூட வருகிற மச்சம் இல்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் யாராவது ‘உனக்குக் கல்லூரி போக இஷ்டமா’ என்று கேட்டிருக்கிறார்களா? ‘எந்தக் காலேஜ்?’ என்றுதான் கேட்பார்கள். போவது அங்கே முடிவான விஷயம். அந்தப் பிள்ளைக்கும் பதினேழு வயதில் கல்லூரி பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் இஷ்டத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நம் பிள்ளையிடம் மட்டும், வீட்டில் யாருமே படியேறாத ஓர் இடத்தைப் பற்றி, அதுவும் சனிக்கிழமைதோறும் கையில் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, ‘உனக்கு ஆசை இருக்கா’ என்று கேட்கிறோம். ஒன்றரை ஷிப்ட் பார்த்து, புது ஃபோனுக்குத் தவணை கட்டுகிறவன் என்ன சொல்வான்? ‘இல்லை’ என்கிறான். அதை அவனுடைய சொந்த முடிவு என்று எழுதிக்கொள்கிறோம்.

அடுத்தது, ‘இன்ஜினியரிங் படிச்சவனே சாப்பாடு டெலிவரி பண்றான்’ கதை. எந்தக் கல்லூரியில் படித்தான், எத்தனை அரியர் வைத்திருந்தான் என்று யாரும் விசாரிப்பதில்லை. அதைவிட முக்கியமாக, வேலை கிடைத்தவன் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறான், தீபாவளிக்குத்தான் ஊருக்கு வருகிறான். கிடைக்காதவன்தான் தினமும் டீக்கடையில் கண்ணில் படுகிறான். பிள்ளைகள் பார்ப்பது அவனை மட்டும்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. ‘நீயெல்லாம் காலேஜ் போய் என்ன கிழிக்கப்போற’ என்று ஒன்பதாம் வகுப்பில் வீசிய வார்த்தையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமக்கிற பிள்ளைகள் உண்டு. மார்க் எடுத்த பிறகும் இறக்கி வைப்பதில்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களில் நிறையப் பேருக்கு ஆசை இருக்கிறது. பஸ் இல்லை, அல்லது மாலை ஆறு மணிக்கு மேல்தான் பஸ். இல்லாவிட்டால் மாமன் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

2021-22 கணக்கில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. மேடையில் சொல்லப் பெருமையாகத்தான் இருக்கும். இன்னொரு பாதி எங்கே என்று எங்களை மாதிரி ஃபோன் போடுகிறவர்களைக் கேளுங்கள்.

பணமில்லை என்பவர்களுக்கு: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரி சான்றை மறக்காதீர்கள். ஆங்கிலப் பயம் இருந்தால் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் வழிப் பிரிவுகள் இருக்கின்றன. இதையெல்லாம் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டோம் என்று நாங்களும் கை கழுவிவிட முடியாது. அறிவிப்பு காதில் ஏறாது, பெற்றோரை உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் பத்தாம் வகுப்பிலேயே.

சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் டிசம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். மே மாதம் இ-சேவை மைய வரிசையில் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். ஒரு பாடம் போய்விட்டதா? அதே கோடையில் துணைத்தேர்வு இருக்கிறது, எழுத வையுங்கள். அதற்காக ஒரு வருடத்தை விடாதீர்கள். சீனியர் யாராவது கல்லூரியில் இருந்தால் ஒரு நாள் பிள்ளையை அவனோடு அனுப்புங்கள். வகுப்பறை, கேன்டீன், நூலகம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

லீவில் வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை. குடும்ப நிலைமை எனக்கும் தெரியும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். கலந்தாய்வு நாளுக்கு லீவு வேண்டும் என்று கம்பெனி சூப்பர்வைசரிடம் சேரும்போதே நீங்கள் சொல்லி வையுங்கள். பையன் சொல்ல மாட்டான், கூச்சப்படுவான்.