குண்டுப் பூனையைப் பட்டினி போடலாமா?

"எங்கள் பூனை ஆறு கிலோ. நாலரைதான் இருக்கணும் என்கிறார் டாக்டர். ரெண்டு மூணு நாள் சாப்பாடு போடாமல் விட்டால் இளைக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லங்கணம் பரம ஔஷதம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பூனைக்கு அது உயிராபத்து. அதுவும் ஒல்லிப் பூனையைவிடக் குண்டுப் பூனைக்கே ஆபத்து அதிகம்.

பூனை ஏன் குண்டாகிறது என்பது தெரிந்த கதைதான். கருத்தடை செய்தபின் பசி கூடும், கலோரித் தேவை குறையும், கிண்ணத்தில் டிரை ஃபுட் எந்நேரமும் இருக்கும். சரி, பட்டினிக்கு வருவோம்.

உணவு நின்றதும் உடல் தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. அது கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் கொஞ்சத்தை எரிக்கும். மீதியைப் புரதத்தோடு கட்டி வெளியே அனுப்பும். கொழுப்பு தண்ணீரில் கரையாதே! புரதம் என்கிற லாரி இல்லாமல் சரக்கு குடோனை விட்டு நகராது.

பூனை மாட்டிக்கொள்வது இங்கேதான். நாம் பட்டினி கிடந்தால், புரதத்தை உடைக்கும் நொதிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இறைச்சியே தின்று பரிணமித்த பூனைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதன் கல்லீரல் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களை உடைத்துக்கொண்டே இருக்கும். 1978இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் மோரிஸ், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் இல்லாத உணவைப் பூனைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே வேளைதான், சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறிவிட்டது! அமினோ அமிலம் உடையும்போது வரும் நச்சு அது. அதை அகற்ற ஆர்ஜினின் வேண்டும். அது இல்லாதபோதும் கல்லீரல் உடைப்பதை நிறுத்தவில்லை.

ஆக, பட்டினியில் கொழுப்பு வெள்ளமாக வருகிறது, லாரியோ இல்லை. கல்லீரல் செல்கள் கொழுப்பால் உப்பி, பித்தம் வெளியேற முடியாமல் ஈறும் காதும் மஞ்சளாகின்றன. காமாலை கண்ட பூனை இன்னும் சாப்பிடாது. இதற்கு முக்கியச் சிகிச்சை என்ன தெரியுமா? சாப்பாடுதான். குழாய் வைத்து, பல சமயம் வாரக்கணக்கில், புரதம் மிகுந்த உணவை ஊட்டுகிறார்கள்.

அதனால் மெதுவாகத்தான் இளைக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது இந்தப் பூனைக்கு 60 கிராம். நாலரைக்கு இறங்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்குச் சுமார் 170 கலோரியில் தொடங்கலாம். டிரை ஃபுட் என்றால் 45 கிராம் அளவுக்கு வரும். கப்பில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுங்கள். பாக்கெட்டில் உள்ள அட்டவணையை நான் அப்படியே நம்பமாட்டேன். அதை எழுதுபவர் தீவனம் விற்பவர்.

இருக்கிற தீவனத்தையே பாதியாக வெட்டினால் புரதமும் பாதியாகிவிடும். புரதம் கூடிய, கலோரி குறைந்த உணவை டாக்டரிடம் கேட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பழையதோடு கலந்து மாற்றுங்கள். பிடிக்காமல் ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் பழையதையே கொடுத்துப் பாருங்கள். அதையும் தொடவில்லையென்றால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.