க்ளோட்ரிமசோல் போட்டும் படர்தாமரை திரும்ப வருதா?

"ஒரு வாரம் க்ரீம் போட்டேன் டாக்டர், நல்லாத்தான் இருந்துச்சு, விட்டதும் திரும்ப வந்துடுச்சு, மருந்து சரியில்ல." ஸ்கின் டாக்டரா நான் அடிக்கடி கேக்குற புகார் இது. ட்யூபை வாங்கிப் பாத்தா பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் 1%, படர்தாமரைக்கு காரணமான பூஞ்சைக்கு போடுற மருந்து. மருந்து ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கும், பாதியில நிறுத்துனதுதான் பிரச்சனை.

பூஞ்சை செல்லோட சவ்வு உறுதியா இருக்க எர்கோஸ்டெரால்னு ஒரு கொழுப்புப் பொருள் வேணும், நம்ம செல்லுல அந்த வேலைய கொலஸ்ட்ரால் பாத்துக்குது. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல்னு இமிடசோல் குடும்பத்து மருந்துங்க எல்லாமே எர்கோஸ்டெரால் தயாரிக்கிற என்சைமை தடுத்து அந்த சவ்வை கெடுத்துடும். ஆனா க்ளோட்ரிமசோல் பெரும்பாலும் பூஞ்சையோட வளர்ச்சியைத்தான் நிறுத்துது, உடனே கொன்னுடாது, அதனால பூஞ்சை ஒட்டியிருக்கிற மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வர்ற வரைக்கும் மருந்து அங்க இருந்துட்டே இருக்கணும். அரிப்பு சில நாள்லயே நின்னுடும், அதை நம்பித்தான் எல்லாரும் ட்யூபை மூடி வெச்சிடுறாங்க. பொதுவா தினம் ரெண்டு வேளை, 2 முதல் 4 வாரம், படை மறைஞ்ச பிறகும் கொஞ்ச நாள் சேத்து போடணும். வட்டத்தோட ஓரத்துலதான் பூஞ்சை ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும், நடுவுல மட்டும் தேச்சா பிரயோஜனம் இல்ல, ஓரத்தை தாண்டி வெளிய ஒரு விரல் அகலத்துக்காவது தடவுங்க.

தேமல், கால் விரலிடுக்கு சேற்றுப்புண், கேன்டிடாங்கிற பூஞ்சையால வர்ற பிறப்புறுப்பு அரிப்பு (இதுக்கு உள்ள வைக்கிற மாத்திரையும் இருக்கு), இதுக்கெல்லாம் க்ளோட்ரிமசோல் கேக்கும். நகத்துலயோ தலைமுடியிலயோ பூஞ்சை வந்தா வெறும் க்ரீம் போதாது, அதுக்கு பெரும்பாலும் வாய்வழி மருந்து வேணும்.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது ஸ்டீராய்டு கலந்த க்ரீம் விஷயத்துலதான். ட்யூப் மேல க்ளோட்ரிமசோல்னு போட்டிருக்கும், கூடவே சின்ன எழுத்துல பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால்னு ஸ்டீராய்டு பேர் இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் ரெண்டே நாள்ல அமுக்கிடும், ஆஹா சூப்பர் மருந்துன்னு வீட்ல எல்லாரும் மாத்தி மாத்தி போடுவாங்க, அடியில தோலோட எதிர்ப்பு குறைஞ்சு பூஞ்சை நிதானமா பரவிட்டே இருக்கும், கடைசியில வட்டமே தெரியாத அளவுக்கு உருவம் மாறி வந்து நிக்கும், பாத்ததும் கண்டுபிடிக்கிறது எங்களுக்கே கஷ்டம். தொடை இடுக்குல மாசக்கணக்கா போட்டவங்களுக்கு தோல் மெலிஞ்சு கோடு கோடா விழுந்துடும், அந்தக் கோடு முழுசா மறையாது.

க்ரீம்தானேன்னு அலட்சியமும் வேண்டாம். பிறப்புறுப்புல போடுற க்ரீம், மாத்திரை லேட்டக்ஸ் ஆணுறையை பலவீனமாக்கலாம், கர்ப்பமா இருந்தா நீங்களா வாங்கிப் போடாம டாக்டரை கேட்டுக்கோங்க. மைக்கோனசோல் வாய் ஜெல், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தக்கசிவு வரைக்கும் கொண்டு போகும். கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலை பாதிக்கிறதால 2013லேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதுக்கு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க, தோல் பூஞ்சைக்கு அதை யாராவது சும்மா எடுத்துக் கொடுத்தா வாங்காதீங்க.