பச்சை மூடிக் குழாய்

நீர்கொழும்புப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர் ஒருவர், ஐஸ் பெட்டியோடு கொழும்பிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். இரண்டு நாளில் நாலு பன்றிகள் செத்துவிட்டன. "டொக்டர், அந்த ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார். பெட்டியைத் திறந்தால் எல்லாமே பச்சை மூடிக் குழாய்கள்.

பச்சை மூடி என்றால் உள்ளே ஹெப்பரின். இரத்தம் உறையாது, சரி. ஆனால் பிசிஆர் வினையை, அதாவது வைரஸின் மரபணுத் துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி, இருந்தால் திரையில் கோடாக எழும்பச் செய்யும் பரிசோதனையை, அது முடக்கிவிடும்; வைரஸ் நிறைந்திருந்தாலும் இயந்திரம் ஒன்றும் காட்டாமல் போகலாம். நாங்கள் கேட்பது ஊதா மூடியுள்ள, ஈடிடிஏ என்ற வேறொரு உறைதடுப்புப் பொருள் உள்ள குழாய்.

1921இல் கென்யாவில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், 2018இல் சீனாவையும் 2020இல் இந்தியாவையும் எட்டி, 2024இல் இலங்கைக்குள்ளும் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றாது. (மனிதருக்கு வந்த எச்1என்1ஐயும் நாம் பன்றிக் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், இதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.) சிக்கல் என்னவென்றால், பன்றிகளுக்கு வரும் பழைய பன்றிக் காய்ச்சலும் பார்வைக்கு இதே மாதிரித்தான்: கடும் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவந்து நீலம் பாயும் தோல். அது ஆர்என்ஏ வைரஸ், இது டிஎன்ஏ வைரஸ். கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

அதனால் பரிசோதனையை உருவாக்கும்போது, வைரஸின் கூட்டிலுள்ள முக்கியப் புரதமான பி72க்குரிய மரபணுவில் அதிகம் மாறாத ஒரு துண்டைத் தேடுகிறோம். அது பழைய காய்ச்சல் வைரஸைப் பார்த்து ஏமாறக்கூடாது. உயிருள்ள வைரஸுக்குப் பதில் அந்த மரபணுத் துண்டை மட்டும் வைத்து ஒத்திகை பார்ப்போம். ஒருமுறை வெறும் தண்ணீர் ஊற்றிய குழியே 36ஆவது சுற்றில் 'இருக்கிறது' என்றது. அந்தத் துண்டு, திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் எங்கள் பிப்பெட்டிலேயே ஒட்டியிருந்திருக்கிறது! இரண்டு நாள் மேசையைக் கழுவியதுதான் மிச்சம்.

'இருக்கிறது' என்று சொல்வதைவிட 'இல்லை' என்று சொல்வதுதான் எனக்குப் பயம். அதற்காகவே ஒவ்வொரு மாதிரியிலும் பன்றியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே தேடுகிறோம். பன்றி இரத்தத்தில் பன்றியின் மரபணுவே தென்படவில்லையென்றால் அந்த 'இல்லை'க்கு மதிப்பில்லை. அன்று பச்சைக் குழாய்களில் வைரஸின் கோடு, பன்றி மரபணுவின் கோடு இரண்டும் எழும்பாமல் தரையோடு கிடந்தன.

நோய்க்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புடலைத் தேடும் பரிசோதனை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்ப்புடல் உருவாக ஏழு முதல் பத்து நாளாகும். கடுமையாகத் தாக்கினால் பன்றி அதற்குள் செத்துவிடும்.

ஊதாக் குழாயில் இரத்தமும், செத்த பன்றியின் மண்ணீரலும் மறுநாள் வந்தன. 19ஆவது சுற்றிலேயே கோடு எழும்பிவிட்டது. முடிவு வரும்வரை ஒரு பன்றியையும் வெளியே விடாதீர்கள், இறைச்சியை விற்காதீர்கள், அரச மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். தொலைபேசியில் முடிவைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம்தான் சொன்னார், எங்களிடம் வருவதற்கு முன்பே, அன்று காலையில், நன்றாகத் தின்றுகொண்டிருந்த இரண்டை விற்றுவிட்டாராம்.